காரைமேட்டு வீரக்கல்லைச் செப்பனிட்ட வரலாறு

வரைபடம் வரைகிறவர்கள் மறந்துவிட்ட நாடுகளில் மேழிநாடும் ஒன்று. அங்கே ஒரு மன்னர் இருந்தார். மன்னருக்குக் கீழே, மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த அமைச்சர்கள் இருந்தார்கள். அமைச்சர்களுக்குக் கீழே துறைகள் இருந்தன. இவை எல்லாவற்றுக்கும் கீழே, மொத்தப் பாரத்தையும் தாங்கிக்கொண்டு மக்கள் இருந்தார்கள்.

அந்நாட்டின் தெற்கு எல்லையில் இருந்தது காரைமேடு. முப்பது ஆண்டுகளுக்கு முன் பக்கத்து நாட்டோடு நடந்த போரில் அவ்வூர்க்காரர்கள் முப்பத்தேழு பேர் இறந்துபோனார்கள். போர் எதற்காக நடந்தது என்பதை இரண்டு அரண்மனைகளும் மறந்துவிட்டன. இப்போது அவர்கள் சம்பந்திகள். காரைமேடு மட்டும் மறக்கவில்லை. ஊர் நடுவே மூன்று மணற்கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தி, முப்பத்தேழு பெயர்களையும் அதில் வெட்டி வைத்திருந்தார்கள். அதை வீரக்கல் என்பார்கள்.

கல்லில் நான்காவது பெயர் மாடக்கண்ணு. அவனுடைய தங்கை உடையாள். அண்ணன் படைக்குப் போனபோது அவளுக்குப் பத்து வயது. அவன் உடல் வரவில்லை, உடுப்பு வரவில்லை, குதிரையில் வந்த ஒருவன் பெயரை மட்டும் சொல்லிவிட்டுப் போனான். உடையாள் வளர்ந்து கொத்தனார் ஆனாள். சுற்றுவட்டாரத்தில் சுவர் எழுப்ப அவளைத்தான் கூப்பிடுவார்கள். தினமும் காலையில் கரண்டியும் ரசமட்டமுமாக வேலைக்குப் போகும் வழியில் வீரக்கல்லின் முன் நின்று, அண்ணன் பெயரின் மேல் விரலை ஓட்டுவாள். பிறகு போய்விடுவாள். அவனுடையது என்று அவளுக்கு மிச்சம் இருந்தது அந்த ஆறு எழுத்துதான்.

ஓர் ஐப்பசி மழைக்குப் பிறகு, நடுக்கல்லும் மேற்கல்லும் சேரும் இடத்தில் விரல் நுழையும் அளவுக்கு விரிசல் கண்டது. அதில் நான்கு இலையோடு ஓர் அரசங்கன்று எட்டிப் பார்த்தது. உடையாள் சுண்ணாம்பு குழைக்கக் கிளம்பியபோது ஊர்த்தலைவர் கொம்பையா தடுத்தார். நல்ல மனிதர், அரசாங்கம் என்ற சொல்லைக் கேட்டால் மட்டும் துண்டை இடுப்பில் கட்டிக்கொள்வார்.

"போருல செத்தவங்க கல்லு, அரசாங்கச் சமாச்சாரம் தாயி. நாம கைய வச்சு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிரப்படாது. ஒரு மனு எழுதிப் போட்டுருவோம்."

"ஒம்பது நாள் வேலை அண்ணாச்சி. மனு போயிச் சேரதுக்குள்ள முடிஞ்சிரும்."

"முறைன்னு ஒண்ணு இருக்குல்லா?"

மனு போயிற்று. காரைமேடு செய்த முதல் பிழை அது.

மூன்றாம் மாதம் வீரநினைவுத் துறை ஆணையர் பராக்கிரமசேகரர் குதிரை வண்டியில் வந்து இறங்கினார். கல்லுக்கு ஒரு வணக்கம் வைத்தார். பிறகு விரிசலை உற்றுப் பார்த்தார்.

"இந்த விரிசல் எப்போது ஏற்பட்டது?"

"போன ஐப்பசியிலங்க அய்யா," என்றார் கொம்பையா.

"யாருடைய அனுமதியின் பேரில்?"

கொம்பையா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார். உடையாள் முன்னால் வந்தாள்.

"அய்யா, செடிய வேரோட எடுத்துட்டு, இணைப்புல சுண்ணாம்புக் காரை வச்சாப் போதும். இது மணல்கல்லு. மழையில குடிச்ச தண்ணிய வெயில்ல வெளிய விடணும், மூச்சு விடுற மாதிரி. சுண்ணாம்பு அதுக்கு வழி விடும்."

"கல் மூச்சுவிடும் என்று எந்தச் சட்டத்தில் சொல்லப்பட்டிருக்கிறது அம்மா?"

"சட்டத்துல இல்லங்க. கல்லுல இருக்கு."

ஆணையர் அதைக் குறித்துக்கொள்ளவில்லை. அன்று மாலையே முதல் ஆணை வந்தது. வீரக்கல்லைச் சுற்றி இரும்பு வேலி போடப்பட வேண்டும். வேலிக்குள் இருக்கும் அனைத்தும் நாட்டின் பெருமைமிக்க உடைமை. அனுமதியின்றித் தொடுவது துரோகம். அரசங்கன்றும் வேலிக்குள்தான் இருந்தது. ஆகவே அதுவும் பெருமைமிக்க உடைமை ஆயிற்று. அதற்குக் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்ற ஒரு காவலர் நியமிக்கப்பட்டார். அவர் கடமை தவறாதவர். செடி செழித்தது, விரிசலில் இப்போது மூன்று விரல் நுழைந்தது.

வேலி போட்ட மறுநாள் காலை உடையாள் அதனருகே நின்றாள்.

"ஒரு தடவை தொட்டுட்டுப் போயிருதேன்யா. எங்க அண்ணன் பேரு."

காவலருக்குச் சங்கடமாக இருந்தது. "தொடக் கூடாதுக்கா. வேணும்னா பாத்துக்கோங்க. பாக்கக் கூடாதுன்னு இன்னும் உத்தரவு வரல."

அவள் பார்த்துவிட்டுப் போனாள். அன்றைக்கு அவள் எழுப்பிய சுவர் கோணலாகப் போய், இடித்துத் திரும்பக் கட்ட வேண்டியதாயிற்று.

அடுத்த ஆவணியில் மன்னரின் வெள்ளி விழா. நாட்டிலுள்ள நினைவுச்சின்னங்கள் அனைத்தும் ஜொலிக்க வேண்டும் என்று இரண்டாவது ஆணை பிறந்தது. தலைநகரிலிருந்து ஒரு கூட்டம் வந்து வீரக்கல்லின் இணைப்புகளில் சிமெண்டை அடைத்தது. மேலே இரண்டு பூச்சு தங்க நிற எனாமல் அடித்தது. செடி உடைமையாதலால் அதன் இலைகளுக்கும் அடித்தார்கள்.

"அய்யா, வேண்டாம்யா," என்று உடையாள் வேலிக்கு வெளியே நின்று கெஞ்சினாள். "தண்ணி உள்ள மாட்டிக்கும். வெளிய வர வழியில்லன்னா கல்லையே பிச்சுக்கிட்டுத்தான் வரும்."

"எவ்வளவு பளபளப்பு பாருங்கள்!" என்றார் ஆணையர். பளபளப்பு என்னவோ உண்மைதான். மன்னரின் விழா இனிதே நடந்தேறியது.

பிறகு மழை வந்தது. மழைக்குப் பின் வெயில் வந்தது. தை மாதம் ஒரு நடுப்பகலில், தங்கப் பூச்சு தோசையைத் திருப்பிப் போட்டதுபோல ஒரு பெரிய பொருக்காக உரிந்து விழுந்தது. கூடவே கல்லின் தோலும் வந்துவிட்டது. இடப்பக்கத்து ஐந்து பெயர்கள் போயின. நான்காவது மாடக்கண்ணு.

சத்தம் கேட்டு ஓடி வந்த உடையாள் வேலிக்குள் கையை நுழைத்து ஒரு துண்டை எடுத்தாள். காவலர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். துண்டில் 'மா' மட்டும் இருந்தது. அதுவும் அவள் உள்ளங்கையில் மணலாக உதிர்ந்தது.

ஆணையர் தலைநகருக்கு அறிக்கை அனுப்பினார். அதில் விரிசல் பற்றியோ பூச்சு பற்றியோ ஒரு சொல் இல்லை. "காரைமேட்டில் போரில் இறந்தோர் எண்ணிக்கை முப்பத்தேழிலிருந்து முப்பத்திரண்டாகக் குறைந்துள்ளது. இது இவ்வாட்சியின் சாதனை" என்று மட்டும் இருந்தது. தலைநகரில் இனிப்பு வழங்கினார்கள்.

சாதனைக்கு ஒரு பின்விளைவு இருந்தது. ஐந்து பேர் இறக்கவில்லை என்றால் அவர்கள் எங்கே? முப்பது ஆண்டுகளாகப் படைக்குத் திரும்பாமல் எங்கே ஒளிந்திருக்கிறார்கள்? ஐந்து வீடுகளுக்கும் அழைப்பாணை வந்தது. ஆணையர் தாமே நேரில் வந்து உடையாள் வீட்டுக் கதவில் ஒட்டினார்.

"மாடக்கண்ணு என்பவர் எங்கே?"

"செத்துட்டாருங்க அய்யா. போருல."

"சான்று?"

"அந்தக் கல்லுதாங்க."

"கல்லில் அப்படி ஒரு பெயர் இல்லையே."

"நீங்க பூசுன பூச்சுல உரிஞ்சு போச்சுங்க."

"ஆக, இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறீர்கள்." ஆணையர் குரலைச் சரிசெய்துகொண்டு வாசித்தார். "வருகிற ஆடி முதல் நாளுக்குள் மாடக்கண்ணு உரிய உடுப்பில் பாசறையில் ஆஜராக வேண்டும். தவறினால், தப்பியோடியவருக்கு அடைக்கலம் தந்த குற்றத்துக்காக இவ்வீடு பூட்டி முத்திரையிடப்படும்."

"அவன் மட்டும் வந்து நின்னான்னு வைங்க," என்றாள் மெதுவாக, "மொத இலை உங்களுக்குத்தான் போடுவேன். அவன உங்க கூடயே அனுப்பி வைப்பேன். வரச் சொல்லுங்கய்யா."

ஆணையர் வண்டியில் ஏறிப் போய்விட்டார். உடையாள் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். முப்பது வருடத்துக்கு முன்பே அழுது முடித்துவிட்டதாக அவள் நினைத்திருந்த அழுகை அது.

கொம்பையா இம்முறை தைரியமாக எழுதினார். ஐந்து பேரும் இறந்தது ஊருக்கே தெரியும், ஊரே சாட்சி சொல்லும் என்று எழுதி நூற்றெண்பது பேரிடம் கைநாட்டு வாங்கி அனுப்பினார். நூற்றெண்பது பேர் ஒரே மாதிரி சொல்வது அரண்மனையைக் கவலைக்குள்ளாக்கியது. மக்கள் சொல்வதை உண்மை என்று ஏற்றுக்கொள்ள ஆரம்பித்தால் அது எங்கே போய் முடியும்? உடனே மூன்றாவது ஆணை பிறந்து, அரசிதழில் ஏறி, வேலியில் தொங்கவிடப்பட்டது:

"வீரக்கல்லில் உள்ளதே உண்மை. அதில் பெயர் பொறிக்கப்பட்டவர் அனைவரும் போரில் வீரமரணம் எய்தியவர். பொறிக்கப்படாதவர் எவரும் எய்தாதவர். கல்லில் உள்ள பெயரை அழிப்பதும், கல் சொல்வதை மறுப்பதும், மறுப்பவர் யாராயினும், துரோகம்."

சித்திரையில் தேர்தல் அறிவித்தார்கள். வீரநினைவுத் துறை அமைச்சர் செங்கோல்நம்பிக்கு நாடெங்கும் ஏதாவது ஒன்றைத் திறந்துவைக்க வேண்டிய அவசரம். காரைமேட்டு வீரக்கல் புதுப்பிக்கப்பட்டுவிட்டதாக அவருடைய கோப்பு சொன்னது. எனவே அதைத் திறந்துவைக்க வந்தார். கூடவே மாட்டு வண்டியில் ஒரு கருங்கல் பலகையும் வந்தது. அதில் சாண் அகல எழுத்தில் அமைச்சர் பெயரும், அதற்குக் கீழே அரைச்சாண் எழுத்தில் ஆணையர் பெயரும் வெட்டப்பட்டிருந்தன. அதைப் பதிக்க ஒரு கொத்தனார் தேவைப்பட்டபோது உடையாளைக் கூப்பிட்டார்கள்.

அவள் பலகையைப் பார்த்தாள். உளுத்துப்போன கல்லைப் பார்த்தாள்.

"அய்யா, இத ஒரு ரெண்டடி தள்ளி, தனி மேடை கட்டி நிறுத்திக் கொடுத்திருதேன். அழகா இருக்கும். இந்தக் கல்லுல ஓட்ட போட்டா இது தாங்காது."

அமைச்சர் முகம் சுருங்கியது. "நான் தனியாக நிற்பதா? தியாகிகளோடு தோளோடு தோள் நிற்க வேண்டும் என்பதுதானே என் வாழ்நாள் கனவு!"

"அப்படின்னா கல்லோட சேத்தே பதிக்கணுமாய்யா?"

"ஒட்டியே பதியுங்கள்," என்றார் ஆணையர். "இனி அதுவும் இதுவும் ஒன்று. வீரக்கல்லின் பிரிக்க முடியாத அங்கம்."

"எழுத்துல குடுத்திருங்கய்யா. நாளைக்குக் கல்லு சாஞ்சா என்னையக் கேப்பாங்க."

ஆணையர் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தார். உடையாள் தன்னால் முடிந்த அளவுக்குக் கல்லை நோகாமல் துளைத்துப் பலகையைப் பதித்தாள். அமைச்சர் முக்கால் மணி நேரம் பேசினார். நாட்டுக்காகத் தம் உயிரையும் கொடுக்கத் தயார் என்று பதினொரு முறை சொன்னார்.

ஆடி முதல் நாளுக்கு இரண்டு மாதமே இருந்தது. உடையாள் வீட்டுச் சாமான்களை எங்கே கொண்டுபோய்ப் போடுவது என்று கேட்பதற்காகக் கொம்பையாவைத் தேடிப் போனாள். அவர் வேலியருகே நின்று, அரசிதழில் ஏதாவது வழி இருக்கிறதா என்று எழுத்துக்கூட்டி வாசித்துக்கொண்டிருந்தார். அவளும் நின்று கேட்டாள். சட்டென்று அவள் கை இடுப்பில் செருகியிருந்த முந்தானை முடிச்சுக்குப் போனது.

"அண்ணாச்சி, அத இன்னொரு தடவ படிங்க."

படித்தார்.

"அப்ப, கல்லுல பேரு இருந்தா செத்தவங்க."

"ஆமா தாயி."

"சாகலன்னு யாரு சொன்னாலும் துரோகம்."

"யாராயினும்னு போட்டிருக்கே."

"சரி. அமைச்சரு பேரு எங்க இருக்கு?"

கொம்பையா கல்லைப் பார்த்தார். சாண் அகல எழுத்து; கண்ணாடி தேவைப்படவில்லை. ஆணையர் கையெழுத்திட்ட தாளை உடையாள் முந்தானையிலிருந்து எடுத்து நீட்டினாள். அதை வாசித்தார். மறுபடி அரசிதழை வாசித்தார். பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார்.

"ஐயையோ பாவம்," என்றார். "போன மாசங்கூட நல்லாத்தானே பேசிக்கிட்டிருந்தாரு."

காரைமேடு சட்டத்தை மதிக்கும் ஊர். மறுநாள் ஊர் கூடி முறைப்படி இரங்கல் தீர்மானம் நிறைவேற்றியது. அமைச்சரும் ஆணையரும் போரில் வீரமரணம் எய்திய செய்தியைக் கல் மூலம் அறிந்து ஊர் ஆறாத் துயரில் ஆழ்ந்திருப்பதாகவும், அன்னாரின் குடும்பத்தாருக்கு ஆழ்ந்த அனுதாபங்கள் என்றும் எழுதி, அரசிதழையும் ஆணையரின் கடிதத்தையும் நகலெடுத்து இணைத்து அனுப்பினார்கள். அரண்மனைப் பதிவகத்தில் அதை வாங்கிய எழுத்தர் சட்டத்தோடு சரிபார்த்தார். சரியாக இருந்தது. இறந்தோர் பதிவேட்டில் ஏற்றினார்.

ஒரு வாரம் கழித்து அமைச்சர் செங்கோல்நம்பி மேளதாளத்தோடு வேட்புமனு தாக்கல் செய்யப் போனார். தேர்தல் அதிகாரி எழுந்து நின்று ஒரு நிமிடம் மௌனம் காத்தார்.

"என்ன இது?" என்றார் அமைச்சர்.

"தங்கள் மறைவுக்கு."

"நான் உயிரோடு உங்கள் முன்னால் நிற்கிறேன்!"

தேர்தல் அதிகாரி பதறிக் கதவைச் சாத்தினார். "சத்தமாகச் சொல்லாதீர்கள் ஐயா. கல் சொல்வதை மறுப்பது துரோகம். தங்கள் துறையின் ஆணைதான்."

வழக்கு உயர்மன்றத்துக்குப் போனது. அமைச்சரின் வழக்கறிஞர் அவரை நீதிபதியின் முன் நிறுத்தி, மூச்சுவிடச் சொல்லிக் காட்டினார். நீதிபதி மிகுந்த அனுதாபத்துடன் பார்த்தார். பிறகு தீர்ப்பு சொன்னார். கல் ஒன்று சொல்கிறது, அமைச்சர் ஒன்று சொல்கிறார். இருவரில் கல்லே மாறாதது. எனவே அமைச்சர் இறந்துவிட்டார். ஆயினும் மேழிநாட்டுச் சட்டங்களை முதலிலிருந்து கடைசி வரை புரட்டிப் பார்த்ததில், ஓர் அமைச்சர் உயிரோடு இருக்க வேண்டும் என்று எங்குமே சொல்லப்படவில்லை. எனவே அவர் தேர்தலில் நிற்கலாம், வென்றால் பதவியிலும் இருக்கலாம். கையெழுத்திடுவதற்கு மட்டும் உரிமை கிடையாது. இறந்தவரின் கையெழுத்து செல்லாது என்று ஒரு பழைய சட்டம் தெளிவாகச் சொல்கிறது. இது ஆணையருக்கும் பொருந்தும்.

அமைச்சர் நின்றார். நாட்டுக்காக உயிரைக் கொடுத்த ஒரே வேட்பாளர் என்று அவருடைய கட்சி சுவரொட்டி அடித்தது. அதுவரை காணாத வாக்கு வித்தியாசத்தில் வென்றார்.

வீரநினைவுத் துறையில் பேனாக்கள் ஓய்ந்தன. காரைமேட்டு வேலி ஆணையை மாதந்தோறும் ஆணையர் கையெழுத்திட்டுப் புதுப்பிக்க வேண்டும். ஆனி மாதம் அது காலாவதி ஆயிற்று. காவலர் இரண்டு நாள் காத்திருந்தார். மூன்றாம் நாள் உடையாளைத் தேடி வந்தார்.

"அக்கா, உத்தரவு ஒண்ணையும் காணோம். நான் இப்ப என்ன காவல் காக்கறதுன்னே தெரியல. வேலியக் கழட்டட்டுமா?"

"கழட்டுங்க. அப்படியே அந்தக் கடப்பாரையையும் எடுத்துட்டு வாங்க."

ஊரே கூடியது. அரசங்கன்றை வேர் அறுபடாமல் எடுத்தாள் உடையாள். ஒன்றரை ஆண்டு தண்ணீர் ஊற்றிய பாசத்தில் காவலர் அதைத் தூக்கிக்கொண்டுபோய்க் குளக்கரையில் நட்டார். சிமெண்டைச் சின்ன உளியால் பொட்டுப் பொட்டாகத் தட்டி எடுத்தார்கள். மிச்சமிருந்த தங்கப் பூச்சைச் சுரண்டாமல், துணியும் பொறுமையுமாக நனைத்து நனைத்து உரித்தார்கள். கல் ஒரு வாரம் வெயிலில் காய்ந்தது. பிறகு சலித்த மணலும் நீற்றிய சுண்ணாம்பும் கடுக்காய்த் தண்ணீரில் குழைந்து இணைப்புகளுக்குள் போயின. உளுத்துப்போன இடத்தில் அதே மணற்கல்லில் ஒரு மெல்லிய பலகை செதுக்கிப் பொருத்தி, ஐந்து பெயர்களையும் உடையாளே வெட்டினாள். அமைச்சரின் கருங்கல்லை யாரும் தொடவில்லை. அதைத் துடைத்துச் சுத்தமாக வைத்தார்கள். சட்டப்படி அதை அழிக்கக் கூடாது, அழிக்க ஊருக்கு மனமும் இல்லை.

கல்லில் ஐந்து பெயர்களும் ஏறிய அந்தக் கணமே ஐந்து பேரும் சட்டப்படி இறந்துபோனார்கள். கொம்பையா அழைப்பாணைகளை ஒவ்வொரு கதவிலிருந்தும் பிய்த்து எடுத்தார். ஆடி முதல் நாளுக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது.

உளித்தூசியை ஊதிவிட்டு உடையாள் நான்காவது பெயரின் மேல் விரலை ஓட்டினாள். புது எழுத்து, விளிம்பு இன்னும் கூர்மையாக இருந்தது. விரலை எடுக்காமல் கொஞ்ச நேரம் நின்றாள்.

"போதும் போ, வெயில் ஏறுது," என்று கல்லிடம் சொல்வதுபோலத் தனக்கே சொல்லிக்கொண்டு கரண்டியைக் கழுவப் போனாள்.

கையெழுத்திட ஆள் இல்லாததால் அடுத்த ஒரு வருடம் காரைமேட்டுக்கு எந்த ஆணையும் வரவில்லை. ஊர் இவ்வளவு செழித்ததை யாரும் கண்டதில்லை. ஊர்க்காரர்கள் மனு போடாமல் உடைந்த மதகைத் தாங்களே கட்டினார்கள். ஒழுகிய பள்ளிக்கூடத்துக் கூரையைத் தாங்களே மாற்றினார்கள். இந்தச் செய்தி பக்கத்து ஊர்களுக்குப் பரவியது.

அதன்பின் தலைநகர் ஓர் அதிசயத்தைக் கண்டது. நாடெங்கிலுமிருந்து மாட்டு வண்டிகளில் ஊர்த்தலைவர்கள் வந்து குவிந்தார்கள். எங்கள் வீரக்கல்லிலும் ஒரு பலகை பதிக்க வேண்டும் என்று ஒவ்வொருவர் கையிலும் ஒரு மனு. ஓர் ஊர் வரித்துறை அமைச்சரின் பெயரைக் கேட்டது. இன்னோர் ஊர் கல்வி அமைச்சரின் பெயரைக் கேட்டது. நீர்ப்பாசன அமைச்சரின் பெயருக்கு நாற்பது ஊர்கள் போட்டியிட்டன. வீரக்கல் இல்லாத ஊர்களும் உடனே ஒன்று எழுப்பிக்கொள்வதாக எழுதிக் கொடுத்தன. பலகைக்கும் கூலிக்கும் தாங்களே பொறுப்பு என்றன. மக்கள் தங்கள்மேல் இத்தனை பாசம் வைத்திருந்ததை அறியாமல் போனோமே என்று அமைச்சரவை கண் கலங்கி, எல்லா மனுக்களுக்கும் ஒரே நாளில் ஒப்புதல் அளித்தது.

மூத்த அமைச்சர் ஒருவர் மட்டும் மன்னரிடம் ஓடினார். மக்களின் கடைசி மனுவை அவர் கையில் வைத்திருந்தார். அது எல்லா ஊர்களும் சேர்ந்து எழுதியது. மன்னரின் திருப்பெயரையே கேட்டது. சொல்ல வந்ததை அவர் சொல்லி முடிப்பதற்குள் மன்னர் மனுவை வாங்கி இருமுறை வாசித்தார். அவர் நெஞ்சு விம்மியது.

"எழுத்து எவ்வளவு பெரியதாக இருக்கும் என்று கேட்டீரா?" என்றார்.